கூர்க்காவின் குரல் தேர்வு

நள்ளிரவில் தெருக்கோடியிலிருந்து எழும் விசில் ஒலியும், தரையில் கம்பு தட்டும் ஓசையும் நம்மில் பலருக்கு இளமைக்கால நினைவுகள். மாதம் பிறந்ததும் அந்த மனிதர் பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலுக்கு வருவார். கதவைத் திறந்த சிறுவன் உள்ளே திரும்பி, "அம்மா, கூர்க்கா வந்திருக்கார்" என்று குரல் கொடுப்பான். பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கைமாறும். ஒரு சலாம், அவ்வளவுதான். அவருடைய பெயர் என்ன, ஊர் எது, உறக்கம் வராமலிருக்க நடுச்சாமத்தில் எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்பதெல்லாம் நம் வீடுகளில் எவருக்கும் தெரிந்திருந்ததில்லை.

தமிழில் 'கூர்க்கா' என்பது இனத்தின் பெயராக வந்து சேரவில்லை. வேலையின் பெயராகவே வந்து சேர்ந்தது. (நன்னூலார் சொல்லும் தொழிற்பெயர் வேறு, இது பிழைப்பைக் குறிக்கும் பெயர்.) விழுப்புரத்துக்காரர் ஒருவர் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வங்கி வாசலில் அமர்ந்தாலும் அவர் நமக்குக் கூர்க்காதான். நம் திரைப்பட நகைச்சுவையோ ஒரு குல்லாயும், உடைந்த தமிழும், 'சாப்' என்ற விளியும் இருந்தால் போதும், அரங்கம் சிரித்துவிடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தது. அரங்கமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சொல்லை மனத்தில் இருத்திக்கொண்டு, 2007ஆம் ஆண்டு நடந்த ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் வரலாற்றைப் பார்ப்போம். பாட்டுப் போட்டிக்கெல்லாம் வரலாறா என்று புருவம் உயர்த்தும் வாசகர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஒரு காவலரின் குரல் தேர்வில் தொடங்கிய கதை, ஒரு மலைநாட்டில் இருபதாண்டுகள் அசையாதிருந்த தலைமை கவிழ்வதில் போய் முடிந்தது.

முதலில் இந்தக் குரல் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். 'ஆடிஷன்' என்றால்தான் இன்று விளங்கும். விடுதலை பெற்ற இந்தியாவில் அந்தச் சொல்லைக் கேட்டாலே கலைஞர்கள் கலங்கும்படி செய்தது அகில இந்திய வானொலி. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், வானொலியில் பாட விரும்புவோர் தேர்வுக் குழுவின்முன் பாடித் தரம் பெற்றாக வேண்டும் என்ற முறையை நிலைநிறுத்தினார். பண்டிதர் எஸ்.என். ரதஞ்சங்கர் அந்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். பல்லாண்டுகள் மேடையேறிப் பெயர் பெற்ற வித்துவான்கள், 'எங்களைச் சோதிக்க இவர்கள் யார்' என்று கொதித்தார்கள். வானொலியைப் புறக்கணித்தவர்களும் உண்டு. அவர்களுடைய கோபம் நமக்குப் புரிகிறது. ஆயினும் அந்த முறையில் ஒரு நாகரிகம் இருந்ததென்பதையும் சொல்ல வேண்டும். குழு கேட்டது குரலை மட்டுமே. பாடுகிறவரின் முகமோ, தாயாரின் கண்ணீரோ, குடும்பத்தின் வறுமையோ அங்கே பேச்சில்லை. தேறாதவர் தேறவில்லை என்பது அவருக்கும் நிலையத்துக்கும் மட்டுமே தெரிந்த செய்தி.

போட்டியில் பாடித் திரையுலகுக்குள் நுழைந்தவர்களும் அன்று இருந்தார்கள். மகேந்திர கபூர் 1957இல் மெட்ரோ மர்ஃபி போட்டியில் வென்று இந்தித் திரைக்கு வந்தார். 1964இல் சென்னையில் ஒரு தெலுங்குப் பண்பாட்டு அமைப்பு நடத்திய போட்டியில் பரிசு பெற்ற மாணவர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தை இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணி கைதூக்கிவிட்டார். அந்த மாணவரே 1996இல் 'பாடுதா தீயகா' என்ற தெலுங்குத் தொலைக்காட்சிப் போட்டியை நடத்த முன்வந்து, புதியவர்களுக்கு உச்சரிப்பும் சுருதியும் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு இந்தியில் 'ச ரி க ம' தொடங்கியிருந்தது. தமிழ் வீடுகளில் ஏ.வி. ரமணனின் 'சப்தஸ்வரங்கள்' ஓடிய மாலைப்பொழுதுகளை இங்கே நினைவூட்டவே வேண்டியதில்லை. இந்நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. முதற்கட்டத் தேர்வு கேமராவுக்கு வெளியே நடந்து முடிந்துவிடும். ஓரளவு தேறியவர்களைத்தான் நாம் பார்ப்போம். தீர்ப்பும் இசையறிந்தவர்களின் கையில் இருக்கும்.

இந்த ஒழுங்கை மாற்றியது, இசை வரைபடத்தில் எவரும் எதிர்பாராத நாடான நியூசிலாந்து. 1999இல் அங்கே ஒளிபரப்பான 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சி தேர்வு அறையின் கதவைத் திறந்து கேமராவை உள்ளே வைத்தது. வரிசையில் நிற்பது, நடுங்குவது, நிராகரிக்கப்பட்டு அழுதுகொண்டே வெளியே வருவது எல்லாமே நிகழ்ச்சியாயின. அந்த வடிவம் ஆஸ்திரேலியா வழியாகப் பிரிட்டனுக்குப் போனது. 2001இல் அங்கே சைமன் ஃபுல்லர் உருவாக்கிய 'பாப் ஐடல்', பார்வையாளர் தொலைபேசி வாக்கையும் அதனுடன் இணைத்தது. அந்த முதல் தொடரில் கேரத் கேட்ஸ் என்ற பதினேழு வயது இளைஞர், திக்குவாயின் காரணமாக நடுவர்கள்முன் தம் பெயரைச் சொல்லவே திணறினார். பிறகு பாடியபோது திக்கவே இல்லை. நாடே உருகியது. பாடுவதற்கு முந்தைய அந்தச் சில நொடிகள்தாம் பாட்டைவிடப் பெரியவை என்பதைத் தொலைக்காட்சி கண்டுகொண்ட தருணங்களுள் அதுவும் ஒன்று. வானொலித் தேர்வு மறைத்துவைத்த அனைத்தையும் இந்தத் தேர்வு மேசைமேல் பரப்பியது. நீ யார், எங்கிருந்து வருகிறாய், உன் தந்தை என்ன செய்கிறார்? முதலில் இதைச் சொல், பிறகு பாடு.

(நடுவர் மேசைக்கு முன்னால் நிற்பவர்கள் நேரே தெருவிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுவோம். நிகழ்ச்சி ஊழியர்கள் முன்னதாகவே சலித்தெடுத்து அனுப்புகிறார்கள். நன்றாகப் பாடுபவரை அனுப்புவதுபோலவே, சிரிப்புக்கு உதவுமளவு மோசமாகப் பாடுபவரையும் தெரிந்தே அனுப்புகிறார்கள். திரையில் தெரியாத இந்த முதல் சல்லடையின் கண்கள் எப்படிப்பட்டவை என்று எவரும் எழுதிவைப்பதில்லை.)

இந்தியாவுக்கு இந்த வடிவம் 'இந்தியன் ஐடல்' என்ற பெயரில் 2004 அக்டோபரில் வந்தது. முதல் தொடரை மும்பையின் அபிஜித் சாவந்தும், இரண்டாவதை ராஜஸ்தானத்துப் பிகானேரின் சந்தீப் ஆச்சார்யாவும் வென்றார்கள். மூன்றாவது தொடர் 2007இல் நடந்தது. நடுவர்களாக ஜாவேத் அக்தர், அனு மாலிக், உதித் நாராயண், அலீஷா சினாய் ஆகியோர் அமர்ந்தனர். உதித் நாராயண் தம் பாட்டு வாழ்வை நேபாள வானொலியில் தொடங்கியவர் என்பது கதையின் ஓரத்தில் குறித்துவைக்கத் தக்கது. அந்த மேசையின்முன் வந்து நின்றவர்களுள் ஒருவர் கொல்கத்தா காவல்துறையின் காவலர், இருபத்து நான்கு வயதான பிரசாந்த் தமாங்.

டார்ஜிலிங்கில் பிறந்தவர். தந்தையும் காவல்துறைக்காரர், பணிக்காலத்திலேயே இறந்துபோனார். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தந்தையின் இடத்தில் மகன் வேலைக்குச் சேர்ந்தார். கொல்கத்தா காவல்துறைக்குச் சொந்தமாக ஓர் இசைக்குழு உண்டு. அதில் பாடிக்கொண்டிருந்தவரைத் தேர்வுக்குப் போகச் சொல்லி உடனிருந்தவர்கள் ஊக்கினார்கள். முறையான இசைப்பயிற்சி இல்லாத குரல். தொலைக்காட்சிக்கு வேண்டிய கதையோ முழுமையாக இருந்தது: தந்தையற்ற மகன், காக்கிச் சட்டை, மலைநாட்டுக் கூச்சம்.

எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை 'டார்ஜிலிங்'. அந்த ஒற்றைச் சொல் மலையில் எப்படி எதிரொலித்தது என்று புரிய வேண்டுமானால் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1835இல் சிக்கிம் மன்னரிடமிருந்து டார்ஜிலிங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆள் தேவைப்பட்டது. நேபாளி மொழி பேசும் மக்கள் பெருமளவில் வந்து குடியேறினர். ஆங்கிலேயரின் படைகளிலும் அவர்களுடைய இளைஞர்கள் சேர்ந்தார்கள். நூற்றாண்டு கடந்து பல தலைமுறைகள் அங்கேயே பிறந்து மடிந்த பின்னும், 'நீங்கள் நேபாளத்தவர்தானே' என்ற கேள்வி அவர்களை விடவில்லை. இருநாட்டு மக்களும் தடையின்றிச் சென்றுவர வழிசெய்த 1950ஆம் ஆண்டின் இந்திய நேபாள உடன்படிக்கை இந்தக் குழப்பத்தைக் கூட்டியது. யார் குடிமகன், யார் விருந்தாளி என்று பார்வைக்குப் பிரித்தறிய வழியில்லை. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது நேபாளி அயல்நாட்டு மொழி என்று கூறி அதன் அங்கீகாரக் கோரிக்கையை ஒதுக்கினார். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் அம்மொழி ஏறுவதற்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மொழிக்காகப் போராடிய மண்ணிலிருந்து வரும் நமக்கு அந்தக் காத்திருப்பின் எடை எளிதாகவே விளங்கும்.

1986இல் மேகாலயத்திலிருந்து நேபாளி பேசுவோர் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் செய்தி டார்ஜிலிங் மலையைப் பற்றவைத்த பொறிகளுள் ஒன்று. சுபாஷ் கீசிங்கின் கூர்க்கா தேசிய விடுதலை முன்னணி தனி மாநிலம் கேட்டு எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்த பிறகு, 1988இல் டார்ஜிலிங் கூர்க்கா மலைமன்றம் என்ற தன்னாட்சி அமைப்புடன் போராட்டம் முடிவுக்கு வந்தது. கீசிங் அதன் தலைவரானார். ஆண்டுகள் உருண்டன. சாலைகள் சரிந்தன, தேயிலைத் தோட்டங்கள் சில மூடிக்கிடந்தன, மன்றத்துக்கான தேர்தல் தள்ளிப்போடப்பட்டு, 2005 முதல் கீசிங் ஒருவரே நிருவாகியாகத் தொடர்ந்தார். அவருக்கு எதிராகப் பேச மலையில் துணிச்சல் குறைவு. பேசுவதற்கு ஒரு காரணமும் கூட்டமும் தேவைப்பட்டன.

பாட்டுப் போட்டி அவ்விரண்டையும் தந்தது.

தமாங் வாராவாரம் தாண்டித் தாண்டி வர, மலையூர்களில் அவருடைய பெயரில் ரசிகர் மன்றங்கள் முளைத்தன. நிதி திரட்டினார்கள். தொலைபேசிக் கடைகளிலும் கைப்பேசிகளிலும் இளைஞர்கள் அமர்ந்து, இரவெல்லாம் ஒரே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதெல்லாம் இந்தத் தேர்தலில் இல்லை. காசும் விரலும் உள்ளவரை வாக்கு. ஆகவே இதை மக்கள் தீர்ப்பு என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் உண்டு. எனினும் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். மலைமன்றத் தேர்தல் நடக்காத மலையில், மக்கள் தம் விருப்பத்தைப் பதிவுசெய்ய அந்த ஆண்டில் கிடைத்த ஒரே வாக்குப்பெட்டி அந்தக் கைப்பேசிதான். இந்த ஆரவாரத்திலிருந்து கீசிங் விலகி நின்றார். அவர் கட்சியைச் சேர்ந்த மலைமன்ற உறுப்பினர் பிமல் குருங் விலகி நிற்கவில்லை. முன்னால் வந்து நின்று, தமாங்குக்கான ஆதரவைத் திரட்டுவதைத் தம் வேலையாக ஆக்கிக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் யார் என்பதில்தான் வரலாறு தன் குறும்பைக் காட்டியது. இறுதிச் சுற்றில் தமாங்குடன் மோதியவர் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பால். அதாவது மேகாலயம், இருபதாண்டுகளுக்கு முன் நேபாளி பேசுவோரை வெளியேற்றிய அதே மாநிலம். அமித் பாலோ அங்கே வங்காளி. ஷில்லாங்கில் 1979இல் வெடித்த கலவரத்தில் வெளியார் என்று தாக்கப்பட்டவர்கள் வங்காளிகள்தாம். அப்படிப்பட்ட ஊரில் காசி இளைஞர்கள் ஒரு வங்காளிப் பையனுக்காக ஊர்வலம் போனார்கள். முதலமைச்சர் டி.டி. லபாங் அவரை அமைதிக்கும் நல்லிணக்கத்துக்கும் மாநிலத்தின் தூதுவராக அறிவித்தார். அதே தொடரில் தன்பாத்தில் பிறந்த, சீன வம்சாவளியினரான மெயாங் சாங்கும் நெடுந்தூரம் வந்திருந்தார். 'நீ எந்த நாட்டுக்காரன்' என்று பலமுறை கேட்கப்பட்டிருக்கக்கூடிய மூவர், 'இந்தியன்' என்று தொடங்கும் பட்டத்துக்குப் பாடினார்கள். நிகழ்ச்சியை வடிவமைத்தவர்கள் இதைத் திட்டமிட்டிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை. திட்டமிட்டிருந்தால் இத்தனை பொருத்தமாக அமைந்திராது.

2007 செப்டம்பர் 23. கோடிக்கணக்கில் வாக்குகள் குவிந்த இறுதிச் சுற்றில் தமாங் வென்றார். டார்ஜிலிங்கின் தெருக்கள் விடிய விடிய உறங்கவில்லை.

அவர் அமித் பாலைவிடச் சிறந்த பாடகரா? அன்று தொடர்ந்து பார்த்து வந்த நம் நண்பர்களில் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொன்னார்கள். நமது எண்ணமும் அதுவே. அமித் பாலின் குரலில் பயிற்சியும் வீச்சும் கூடுதலாக இருந்தன. தமாங்கினுடையது சாதுவான, எல்லை குறுகிய குரல். 'இது பாட்டுக்கு விழுந்த வாக்கல்ல' என்று அப்போது எழுந்த முணுமுணுப்பில் உண்மை இருந்தது. ஆனால் அந்த முணுமுணுப்பு முந்தைய இரண்டு வெற்றியாளர்கள் விஷயத்தில் இத்தனை உரக்க ஏன் கேட்கவில்லை என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாடுவதற்கு முன் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டது நிகழ்ச்சிதானே! விடையைக் கேட்டுவிட்டு அந்த ஊரே திரண்டு வந்தபோது, ஊரைப் பார்க்காதே, குரலை மட்டும் பார் என்று சொல்வது கேஸ்கரின் வானொலிக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

அடுத்து நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முடிவு வெளியான சூட்டோடு, டெல்லியின் பண்பலை வானொலி ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் வேடிக்கை பேசினார். கூர்க்காக்கள் எல்லாம் பாடப் போய்விட்டால் நம் வீட்டு வாசலுக்குக் காவல் யார் என்பது அந்த வேடிக்கையின் சாரம். குரல் தேர்வில் வென்று, நடுவர்களைக் கடந்து, கோடி வாக்குகளைக் கடந்து வந்த மனிதரை ஒரே வாக்கியத்தில் விசிலையும் கம்பையும் கையில் கொடுத்து மீண்டும் வாசலில் நிறுத்திவிட்டார். அந்த அறிவிப்பாளர் தனிப்பட்ட முறையில் கொடியவர் என்று நாம் கருதவில்லை. நாம் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அரங்கத்துச் சிரிப்பைத்தான் அவரும் எதிர்பார்த்திருப்பார்.

சிரிப்பு வரவில்லை. செப்டம்பர் 28 அன்று மலையடிவாரத்துச் சிலிகுரியில் தமாங்கின் ஆதரவாளர்கள் கண்டன ஊர்வலம் நடத்தினர். அது உள்ளூர்க்காரர்களுடனான மோதலாக மாறியது. கல்வீச்சு, தீவைப்பு, பலருக்குக் காயம். ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு ராணுவமும் அழைக்கப்பட்டது. ஒரு பாட்டுப் போட்டியின் முடிவுக்கு ஐந்தே நாட்களுக்குப் பிறகு! மத்திய அரசு தலையிட்டு அந்த வானொலியின் ஒலிபரப்பைச் சில நாட்கள் நிறுத்திவைத்தது. 1952இல் எந்தக் குரல் வானொலியில் ஒலிக்கலாம் என்று தீர்மானித்த அதே அமைச்சகம், 2007இல் எந்தக் குரல் ஒலிக்கக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

அக்டோபர் 7 அன்று டார்ஜிலிங்கில் பிமல் குருங் கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா என்ற புதிய கட்சியை அறிவித்தார். இறுதிச் சுற்றுக்கும் கட்சிக்கும் இடையே சரியாகப் பதினான்கு நாட்கள். தமாங்குக்காக வாக்குத் திரட்டிய ரசிகர் மன்ற இளைஞர்கள், அதே தொடர்புகளோடும் அதே வேகத்தோடும் அந்தக் கட்சியின் தொண்டர்களானார்கள். பாட்டு மட்டுமே இதற்குக் காரணம் என்று நாம் வாதிட வரவில்லை. ஆறாம் அட்டவணையின்கீழ் மலைமன்றத்தைக் கொண்டுவர 2005 டிசம்பரில் கீசிங் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்மீது, தனி மாநிலக் கனவைக் கைவிட்டுவிட்டார் என்ற கசப்பு மலையில் ஏற்கெனவே ஊறிக்கிடந்தது. விறகு காய்ந்திருந்தது, தீக்குச்சியைக் கொண்டுவந்தது ஒரு பாட்டுப் போட்டி. 2008 மார்ச்சில் கீசிங் பதவி விலகினார். மலைக்குத் திரும்ப முடியாமல் சமவெளியில் ஜல்பைகுரியில் குடியிருந்தார். இருபதாண்டுகள் மலையின் முடிசூடா மன்னராக இருந்தவர், ஒரு காவலரின் பாட்டுக்குக் கைதட்டத் தவறியதற்குக் கொடுத்த விலை என்று டார்ஜிலிங்கில் சொல்லப்படும் கதையில் மிகை உண்டு, பொய் இல்லை.

2009 நாடாளுமன்றத் தேர்தலில் மோர்ச்சாவின் ஆதரவுடன் ஜஸ்வந்த் சிங் டார்ஜிலிங்கில் வென்றார். 2011இல் மலைமன்றத்தின் இடத்தில் கூர்க்காலாந்து பிரதேச நிருவாகம் என்ற அமைப்புக்கான உடன்பாடு கையெழுத்தானது. 2017இல் மலை மீண்டும் நூறு நாட்களுக்கு மேல் கதவடைத்துக் கிடந்தபோது, குருங்கும் தலைமறைவானார். தனி மாநிலம் கிடைக்கவில்லை. இவையெல்லாம் தனியே விரித்து எழுத வேண்டியவை. நண்பர்களில் எவரேனும் எழுதினால் மகிழ்வோம்.

தமாங் காவல்துறைச் சீருடையிலிருந்து விலகி மேடைகளில் பாடினார். நேபாளித் திரைப்படங்களில் நடித்தார். அவருடைய முதல் படம் 2010இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. படத்தின் பெயர் 'கோர்க்கா பல்டன்'. பல்டன் என்றால் படைப்பிரிவு. அதில் அவருக்குக் கிடைத்தது படைவீரனின் வேடம்.